தினசரி நடையை நெடும்பாதையில் வரவு வைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்நிகர் நெடும்பாதை நடை என்றால் என்ன?

நீங்கள் வழக்கமாக நடக்கும் நடைதான். தெருவைச் சுற்றி நடக்கலாம், மாடியில் நடக்கலாம், ட்ரெட்மில்லில் நடக்கலாம். நடந்த தூரத்தை, உலகில் எங்கோ நிஜமாகவே இருக்கும் ஒரு நீண்ட நடைபாதையின் கணக்கில் வரவு வைக்கிறீர்கள். இன்று 4 கி.மீ. நடந்தால் வரைபடத்தில் உங்கள் புள்ளி 4 கி.மீ. நகரும். நாளை அந்த இடத்திலிருந்து தொடர்வீர்கள்.

சிறுபிள்ளை விளையாட்டு மாதிரித் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரே வட்டத்தை நானூறாவது முறை சுற்றுகிறவருக்கு, இன்று நடப்பது இதுவரை கால் படாத ஒரு கிலோமீட்டர் என்ற நினைப்பு கிடைக்கிறது. எழுந்து செருப்பை மாட்ட அது போதும்.

இது செயலிகள் வந்த பிறகு தோன்றிய பழக்கமா?

இல்லை. இதில் மிகவும் அறியப்பட்ட பழைய உதாரணம் ஒரு போர்க் குற்றவாளியுடையது. ஹிட்லரின் அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஸ்பேயர், பெர்லினின் ஸ்பாண்டாவ் சிறையில் 20 ஆண்டுத் தண்டனை அனுபவித்தவர். சிறைத் தோட்டத்தில் தன் காலணியால் அளந்து 270 மீட்டரில் ஒரு சுற்றுப்பாதை வகுத்துக்கொண்டார். 1954-இல் பெர்லினிலிருந்து ஹைடல்பெர்க் வரை, அதாவது 626 கி.மீ., மனதுக்குள் நடக்கத் தொடங்கினார். சுற்றுகளை எண்ண அவர் வைத்திருந்த கருவி அவரை விதை. ஒரு சுற்று முடிந்தால் ஒரு விதை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்குப் போகும்.

ஹைடல்பெர்க் வந்த பிறகும் அவர் நிற்கவில்லை. ஆசியாவைக் கடந்து, பேரிங் நீரிணையைத் தாண்டி, அமெரிக்க மேற்குக் கரையோரமாக இறங்கினார். 1966-இல் விடுதலையானபோது கணக்கு 31,816 கி.மீ.; மெக்சிகோவில் குவாதலஹாரா நகருக்குத் தெற்கே இருந்தார். 12 ஆண்டுகளுக்கு அது நாளொன்றுக்குச் சுமார் 7 கி.மீ. தான். போகும் ஊர்களைப் பற்றிய புத்தகங்களைத் தருவித்துப் படித்தபடியே அவர் நடந்தார். ஆளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு எதுவுமில்லை. ஆனால் இன்றைய செயலிகள் செய்வதையெல்லாம் ஒரு பை அவரை விதை அன்றே செய்திருக்கிறது.

எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது?

நாளுக்கு 5 கி.மீ. என்று வைத்துப் பார்ப்போம். இங்கிலாந்தின் ஹேட்ரியன் சுவர்ப் பாதை 135 கி.மீ.; 27 நாளில் முடிந்துவிடும். ஸ்காட்லாந்தின் வெஸ்ட் ஹைலேண்ட் வே 154 கி.மீ., ஒரு மாதம். பிரான்ஸ் எல்லையிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா வரை போகும் யாத்திரைப் பாதையான பிரெஞ்சு வழி கமீனோ ஏறத்தாழ 780 கி.மீ., ஐந்து மாதம். நியூசிலாந்தின் நீளத்துக்கும் ஓடும் தே அராரோவா சுமார் 3,000 கி.மீ. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை ஏறக்குறைய 3,500 கி.மீ., அதாவது 700 நாள். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் பாதை 4,265 கி.மீ.; இரண்டு வருடம் நாலு மாதம் ஆகும்.

முதல்முறை என்றால் சின்னதாகத் தொடங்கு என்பார்கள். நான் அதை ஒப்புவதில்லை. 27 நாளில் முடியும் பாதை, பழக்கம் ஒட்டுவதற்குள் தீர்ந்துவிடுகிறது. முடித்த மகிழ்ச்சியில் ஒரு வாரம் ஓய்வு, அப்புறம் நடையே நின்றுபோகும். கமீனோ அளவுக்காவது எடுங்கள். நடுவில் ஊர்கள் நிறைய வரும் பாதை இன்னும் நல்லது. கமீனோவில் பாம்ப்லோனா, புர்கோஸ், லியோன் என்று பெயர் தெரிந்த ஊர்கள் இடைவெளி விட்டு வந்துகொண்டே இருக்கும். வெறும் காட்டுப் பாதையில் 40 நாள் மரம் மட்டுமே துணை.

சொந்தமாகப் பாதை போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. இரண்டு ஊர்களைத் தேர்ந்து, கூகுள் மேப்பில் நடந்துபோகும் வழியைக் கேட்டால் தூரம் வந்துவிடும். வழியிலுள்ள ஊர்களையும் அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் ஒரே நாளில் எழுதி வைத்துவிடுங்கள். பிறகு கேட்டால் மேப் வேறு வழி காட்டக்கூடும்.

3,500 கி.மீ. என்றால் மலைப்பாக இருக்கிறதே?

மொத்தத்தைப் பார்க்காதீர்கள், அடுத்த பெயரைப் பாருங்கள். அப்பலாச்சியன் பாதையையே எடுத்துக்கொள்வோம். தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடக்கம். ஏறத்தாழ 25 நாளில் ஜார்ஜியா முடிந்துவிடும். 14 மாநிலங்களில் ஒன்று கைவசம். இரண்டு மாதம் கடந்ததும், 320 கி.மீ. வாக்கில், பாதையின் மிக உயரமான இடமான குவோஹி சிகரம், 2,025 மீட்டர். கிளிங்மன்ஸ் டோம் என்று அழைக்கப்பட்ட அதற்கு 2024-இல்தான் செரோக்கி பழங்குடி மக்களின் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. அதற்கு நேர்மாறாக, மிகத் தாழ்வான இடம் நியூயார்க் மாநிலத்தின் பேர் மவுண்டனில் வரும். பாதை அங்கே ஒரு சின்ன விலங்குக் காட்சிசாலைக்குள்ளேயே புகுந்து போகிறது. வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிவு.

1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி, 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், சாதாரண கேன்வாஸ் காலணியோடு இந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். நம்முடையது சமதளத்தில், வீட்டுக்குப் பக்கத்தில், நாளுக்கு ஒரு மணி நேரம்.

நடுவில் சலிப்பு வந்துவிட்டது. நான் மட்டும்தான் இப்படியா?

இல்லை. நிஜமாக நடப்பவர்களுக்கும் இதே இடத்தில்தான் வருகிறது. அப்பலாச்சியன் பாதையில் வர்ஜீனியா மாநிலம் மட்டும் 880 கி.மீ.க்கு மேல், மொத்தப் பாதையில் நாலில் ஒரு பங்கு. எவ்வளவு நடந்தாலும் அதே மாநிலம். அந்தச் சோர்வுக்கே நடப்பவர்கள் ‘வர்ஜீனியா ப்ளூஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாளுக்கு 5 கி.மீ. நடக்கும் நமக்கு அது ஆறு மாதம்.

இதற்கு மருந்து எண்ணிக்கையில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. வாரம் ஒருமுறை, புள்ளி நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பாருங்கள். அங்கே ஆறு ஓடுகிறதா, பக்கத்துச் சிற்றூரின் பெயர் என்ன, என்ன மரம், யார் வாழ்ந்த நிலம். நான் வர்ஜீனியாவில் சிக்கிக் கிடந்தபோது மெக்காஃபி நாப் என்ற பாறையின் படம்தான் காப்பாற்றியது. பள்ளத்தாக்கின் மேல் நாக்கை நீட்டியது மாதிரி நிற்கும் கல்விளிம்பு. அங்கே போய்ச் சேர இன்னும் 9 நாள் என்று தெரிந்ததும், 9 நாளும் விடாமல் நடந்தேன். தூரத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நாலாவது மாதத்தில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இடத்தைப் படிக்கிறவர்கள் அவ்வளவு சீக்கிரம் நிற்பதில்லை.

காலடிகளைக் கிலோமீட்டராக மாற்றுவது எப்படி?

தோராயமாகப் போதும் என்றால் உங்கள் உயரத்தை 0.41-ஆல் பெருக்குங்கள். 160 செ.மீ. உயரம் என்றால் ஒரு காலடி சுமார் 66 செ.மீ.; ஒரு கிலோமீட்டருக்கு 1,520 அடி போல வரும்.

ஆனால் ஒரு நாள் மெனக்கெட்டு அளந்துவிடுவதே மேல். 400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானத்தில் முதல் தடத்தில், உள்கோட்டை ஒட்டி, இரண்டு சுற்று உங்கள் இயல்பான வேகத்தில் நடந்து அடிகளை எண்ணுங்கள். வெளித்தடங்களில் நடந்து ஏமாறாதீர்கள்; எட்டாவது தடத்தில் ஒரு சுற்று 450 மீட்டரைத் தாண்டும். 800 மீட்டருக்கு 1,180 அடி வந்தால் ஓரடி 67.8 செ.மீ. அப்போது 8,000 அடி என்பது 5.4 கி.மீ.

இதற்கு இவ்வளவு கவலையா என்று கேட்காதீர்கள். அடியின் நீளத்தை 5 செ.மீ. தவறாகப் போட்டால், 8,000 அடிக்கு 400 மீட்டர் பிசகும். ஒரு வருடத்தில் அது 146 கி.மீ. ஹேட்ரியன் சுவர் முழுவதையும் நடக்காமலேயே நடந்து முடித்த கணக்கு.

போன் ஒரு எண் காட்டுகிறது, கைக்கடிகாரம் இன்னொன்று காட்டுகிறது. எதை நம்புவது?

ஏதாவது ஒன்றை. இரண்டில் எது பெரிதோ அதைத் தினமும் எடுத்துக்கொள்வதுதான் தப்பு (எல்லோரும் ஒரு முறையாவது செய்திருப்போம்).

வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. கடிகாரம் கை வீச்சை வைத்து அடியை ஊகிக்கிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலோ ட்ரெட்மில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாலோ கை அசையாது, அடி குறையும். போன் பையில் இருக்கும்போது சரியாக எண்ணும், மேசையில் வைத்துவிட்டு நடந்தால் எண்ணாது. ஜிபிஎஸ் திறந்தவெளியில் நம்பகமானது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே புள்ளி அங்குமிங்கும் தாவித் தூரத்தைக் கூட்டிவிடும். சின்ன வட்டத்தில் சுற்றினால் வளைவுகளை வெட்டிக் குறைத்துவிடும். கருவி கொஞ்சம் தவறாக இருந்தாலும், தினமும் ஒரே விதமாகத் தவறினால் போதும்.

எந்த நடையெல்லாம் கணக்கில் சேரும்?

இரண்டு கட்சி இருக்கிறது. சமையலறைக்கும் கூடத்துக்கும் போய்வந்த அடி உட்பட நாள் முழுவதையும் சேர்ப்பவர்கள் ஒரு பக்கம். நடக்க வேண்டுமென்றே புறப்பட்டுப் போன நடையை மட்டும் சேர்ப்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. நாள் முழுவதையும் சேர்த்தால், வெளியே கிளம்பாத நாளிலும் புள்ளி 2 கி.மீ. நகர்ந்துவிடுகிறது, பிறகு எதற்குக் கிளம்புவது? நாளெல்லாம் நின்று நடந்தே வேலை செய்பவருக்கு இந்த விதி அநியாயமாகப் படலாம், அவர் முதல் வழியையே வைத்துக்கொள்ளட்டும். எதுவானாலும் முதல் நாளே முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பாதி வழியில் விதியை மாற்றினால், அதுவரை நடந்ததன் மீதே சந்தேகம் வந்துவிடும்.

மைலா, கிலோமீட்டரா?

எதுவும் சரி, இரண்டும் கலக்காதவரை. ஒரு மைல் 1.609 கி.மீ. அமெரிக்கப் பாதைகளின் விவரங்கள் எல்லாம் மைலில்தான் கிடைக்கும். நம் போன் கிலோமீட்டரில் சொல்லும். என் முதல் எக்செல் ஷீட்டில் ஊர்களின் தூரத்தை மைலில் போட்டுவிட்டு, என் நடையைக் கிலோமீட்டரில் கூட்டிக்கொண்டிருந்தேன். 1,025 என்று வந்த அன்று, அப்பலாச்சியன் பாதையின் மனத்தளவிலான நடுப்புள்ளி என்று எல்லோரும் கொண்டாடும் ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு வந்துவிட்டதாகக் குதூகலித்தேன். 1859-இல் அடிமை முறைக்கு எதிராக ஜான் பிரவுன் ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றிய ஊர் அது. அந்த வரலாற்றை இரவு உட்கார்ந்து படிக்கவும் செய்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் பொறி தட்டியது. நான் நின்றது வர்ஜீனியாவுக்கு நடுவே. ஹார்ப்பர்ஸ் ஃபெரிக்கு இன்னும் 625 கி.மீ., அதாவது 125 நாள். திருத்திய ஷீட்டைப் பார்க்கவே ஒரு வாரம் மனம் வரவில்லை.

நிஜப் பாதை மலையேற்றம். என் நடை சமதளம். இது ஏமாற்று இல்லையா?

யாரை ஏமாற்றுகிறோம்? யாரிடமும் நான் மலை ஏறினேன் என்று சொல்லாதவரை ஒன்றும் இல்லை. இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அப்பலாச்சியன் பாதையில் ஏறும் உயரங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 1,41,000 மீட்டர், எவரெஸ்ட்டின் 16 மடங்கு. ஒரு மாடி 3 மீட்டர் என்று வைத்தால் 47,000 மாடி. 700 நாளுக்குப் பிரித்தால் தினமும் 67 மாடி! வேண்டாம், விட்டுவிடலாம்.

மாடிப்படி ஏறுவதையும் சேர்க்க ஆசைப்படுபவர்கள், 1892-இல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியைப் பயன்படுத்தலாம். 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல், அதாவது சமதளத்தில் 5 கி.மீ. நடக்கும் நேரம். அப்படியானால் 40 மாடி ஏறினால் ஒரு கிலோமீட்டர் வரவு வைக்கலாம்.

செயலி வேண்டுமா, நோட்டு போதுமா?

நோட்டு போதும். தேதி, தூரம், மொத்தம், ‘எங்கே’ என்று நாலு பத்தி. செயலிகளின் வசதி, வரைபடத்தில் புள்ளி தானாக நகர்வதும், முக்கிய இடம் வந்தால் படம் காட்டுவதும். கட்டணம் வாங்கிக்கொண்டு, முடித்ததும் பதக்கத்தை அஞ்சலில் அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. பதக்கம் பிடிக்கும் என்றால் சேருங்கள். ஆனால் செயலி வைத்திருந்தாலும் மாதம் ஒருமுறை மொத்தத்தை வேறெங்காவது எழுதி வையுங்கள். போன் மாற்றும்போது ஒரு மாநிலமே காணாமல் போயிருக்கிறது, எனக்கு.

நடக்காத நாளுக்கு மறுநாள் ஈடு கட்ட வேண்டுமா?

கூடாது. நிஜப் பாதையில் ஒரு மைல்கூட நடக்காமல் ஓய்வெடுக்கும் நாளை ‘ஸீரோ’ என்பார்கள். அதுவும் பயணத்தின் ஒரு பகுதிதான். ஷீட்டில் அன்றைக்கு 0 என்று எழுதுங்கள், வெற்றிடமாக விடாதீர்கள். 0 என்றால் ஓய்வு. வெற்றிடம் என்றால் மறதி. காய்ச்சலில் 12 நாள் படுத்திருந்துவிட்டு 60 கி.மீ. ‘கடனை’ அடைக்கிறேன் என்று கிளம்பினால், முழங்காலோ குதிகாலோ பதில் சொல்லும். புள்ளி எங்கும் ஓடிப்போகாது, விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

தினமும் 10,000 அடி நடந்தே ஆக வேண்டுமா?

அந்த எண் மருத்துவத்திலிருந்து வந்ததில்லை. 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் ‘மான்போ-கேய்’, அதாவது பத்தாயிரம் அடி அளவி, என்ற பெயரில் ஒரு பெடோமீட்டரை விற்றது, பெயர் நிலைத்துவிட்டது. வயதான பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வொன்றில், மரண அபாயம் குறைவது நாளுக்கு 7,500 அடி வாக்கில் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் அடிக்கணக்கே சொல்வதில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்கிறது. இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். பாதையில் 2 கி.மீ. நகர்ந்தாலும் நகர்ந்ததுதான்.

சைக்கிள், நீச்சல் சேருமா?

சைக்கிளுக்குத் தனிப் பாதை போடுங்கள். நீச்சல், உடற்பயிற்சி போன்றவற்றுக்கு 12 நிமிடம் ஒரு கிலோமீட்டர் என்று வைத்தால் மணிக்கு 5 கி.மீ. நடையோடு ஒத்துப்போகும்.

குழுவாக நடக்கலாமா?

நாலு பேர் ஆளுக்கு 4 கி.மீ. நடந்தால் நாளுக்கு 16 கி.மீ.; அப்பலாச்சியன் பாதை 219 நாளில் முடியும். தூர தூர ஊர்களில் இருக்கும் உடன்பிறந்தவர்களுக்கு இது நல்ல சாக்கு. ஒரே எச்சரிக்கை: யார் எவ்வளவு என்ற பட்டியலை வெளியிடாதீர்கள், மொத்தத்தை மட்டும் போடுங்கள். பட்டியல் போட்ட மறுவாரம் ஒருவர் 14 கி.மீ. நடப்பார், இன்னொருவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார்.

என் இருப்பிடம் வெளியே தெரியுமா?

மெய்நிகர் பாதைக்குத் தேவை தூரம் மட்டுமே. நீங்கள் நடந்த தெருவின் வரைபடத்தைப் பகிர்ந்தால் வீடு எங்கே, எத்தனை மணிக்கு ஆளில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களை வைத்து ராணுவ முகாம்களே அடையாளம் காணப்பட்டன. 2018 ஜனவரியில் அது பெரிய செய்தி. இருப்பிடப் பகிர்வை அணைத்துவிடுங்கள்.

நிஜப் பாதை மூடப்பட்டாலோ, நீளம் மாறினாலோ?

மாறத்தான் செய்யும். அப்பலாச்சியன் பாதையைப் பராமரிப்பவர்கள் அங்கங்கே தடத்தை மாற்றுவதால், அதன் மொத்த நீளமே ஆண்டுதோறும் கொஞ்சம் மாறுகிறது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அதன் தென்பகுதியைச் சிதைத்துப் பல இடங்களில் மூட வைத்தது. நீங்கள் தொடங்கிய நாளின் நீளத்தையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள்.

கமீனோவை இப்படி முடித்தால் யாத்திரைச் சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்காது. சாந்தியாகோவில் தரும் ‘கொம்போஸ்தேலா’வுக்குக் குறைந்தது 100 கி.மீ.யாவது நிஜமாகவே நடந்து, வழியில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும்.

பாதை முடிந்த நாளில் 2.3 கி.மீ. மிஞ்சிவிட்டது. என்ன செய்வது?

அடுத்த பாதையின் முதல் வரவாக எழுதுங்கள். அடுத்தது எது என்று முடிவாகவில்லையா, முடித்த பாதையிலேயே திரும்பி நடங்கள். நிஜ நடையர்களும் ஒரு முனையைத் தொட்டுவிட்டு அப்படியே திரும்புவதுண்டு. அதற்கு ‘யோ-யோ’ என்று பெயர். கட்டாடினை நான் தொட்டது ஒரு மழை நாளில், கூடத்துக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நடந்து. மிஞ்சியது 600 மீட்டர். மலையிலிருந்து இறங்கும் வழியில் வரவு வைத்துவிட்டேன்.